பெவ் சன்டரின் ஆட்காட்டி விரல்

முப்பத்தோரு வருடமாகப் பெவ் சன்டர் இந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். மேல்கோடி ஹாஸிலிருந்து கீழ்க்கோடி லேபர்ன் வரைக்கும் ஸ்டீயரிங் பிடிக்கிற கைகளில் பாதி அவள் அதட்டித் திருத்திய கைகள். அவள் லைசென்ஸில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது, வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அப்படிப்பட்டவளை ஓர் அக்டோபர் செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு, கில்பெக் முக்கில், தெற்கே நகரத்துப் பக்கமுள்ள சர்ரேயிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு மனிதர் பக்கச் சாலையிலிருந்து புறப்பட்டு வந்து இடித்தார்.

யார் மேல் தப்பு என்று தொட்டில் குழந்தைகூடச் சொல்லும். பெவ் போனது பெரிய சாலை. அவர் வந்தது சின்னச் சாலை, அதன் வாயில் வழி விடச் சொல்லித் தரையில் வெள்ளைக் கோடு. அவர் கோட்டில் நின்றார், பெவ்வின் வண்டி வருவதைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே வெளியே வந்தார். இடது பக்கக் கதவு உள்ளே போய்விட்டது. நல்லவேளை, அந்த இருக்கையில் அப்போது யாரும் இல்லை.

அந்த மனிதரின் பெயர் ஜூலியன் ஆஷ்கோம்ப். பஞ்சு வைத்துத் தைத்த பச்சைக் கையில்லாக் கோட்டுப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தவர், "ஐயோ, மன்னிக்கணும், ரொம்ப ரொம்ப மன்னிக்கணும்" என்று கையைப் பிசைந்தார். இடிபட்ட பெவ்வும் "மன்னிக்கணும்" என்றாள். அது இந்த நாட்டில் மூச்சு விடுகிற மாதிரி. கதவில் மோதிக்கொண்டால் கதவிடமும் மன்னிப்புக் கேட்போம். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இருவரும் பெயரும் எண்ணும் மாற்றிக்கொண்டார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

மத்தியானமே இன்சூரன்ஸ் தரகர் சொன்னார்: "பெவ், நீ உன் இன்சூரன்ஸைத் தொடவே வேணாம். பிராட்ஃபோர்டு சிட்டில ஒரு கிளெய்ம் கம்பெனி இருக்கு. தப்பு உன் மேல இல்லாத கேஸை அவங்களே எடுத்து நடத்துவாங்க."

"டிவில மத்தியானப் படத்துக்கு நடுவுல வந்து 'உங்களுக்கு விபத்தா'ன்னு பல்லக் காட்டுவாங்களே, அந்தக் கழுகுக் கூட்டமா?"

"கழுகோ காக்காவோ, உனக்கு ரெண்டு பக்கமும் பிரேக் வச்ச வண்டி வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமா, வேணாமா?"

வேண்டும். பாடம் நடத்துகிறவளுக்குத் தன் காலடியிலும் ஒரு பிரேக் இல்லாவிட்டால் அது பாடமில்லை, தற்கொலை. பெவ் போன் போட்டாள்.

எடுத்தவள் பெயர் தாஹிரா மெஹ்மூத். முப்பது வயதுகூட இருக்காது, பேச்சு மட்டும் கத்தரிக்கோல். நடந்ததைக் கேட்டாள், படம் வரைந்து அனுப்பச் சொன்னாள். கதவை ஒரு பொறியாளர் வந்து பார்ப்பார், மாற்று வண்டியை நாங்கள் தருவோம், எல்லாவற்றையும் இடித்தவருடைய இன்சூரன்ஸிடம் நாங்களே வாங்கிக்கொள்வோம், உங்கள் இன்சூரன்ஸ் பதிவில் 'பிழை இல்லை' என்று நிற்கும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மேடம். நீங்க அவருக்கு ஏதாவது சைகை காட்டினீங்களா? லைட் அடிச்சது, கை அசைச்சது, அந்த மாதிரி?"

பெவ்வுக்குச் சுருக்கென்றது. "நானா? 'எவனுக்கும் கை காட்டி வழி விடாதே, உன்னை நம்பி வந்து செத்தான்னா பாவம் உனக்கு'ன்னு சொல்லிச் சொல்லியே என் தொண்டை போச்சு, கண்ணு. என்கிட்டப் படிச்ச எந்தப் பிள்ளையையும் எழுப்பிக் கேளு."

"அப்ப எந்தச் சைகையும் இல்ல?"

"எந்தச் சைகையும் இல்ல."

தாஹிரா அதை அப்படியே எழுதினாள்: எந்த விதமான சைகையும் நான் செய்யவில்லை. அடியில் வழக்கமான வரி, மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று. பெவ் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்?

வியாழக்கிழமையே வண்டி வந்தது. பழையது வெள்ளை, இது பழுத்த தக்காளி நிறம். கூரைமேல் தன் பெயர்ப் பலகையை மாட்டிக்கொண்டு பெவ் மறுநாளே பாடத்துக்குக் கிளம்பிவிட்டாள். கழுகுக் கூட்டம் கெட்டிக்காரக் கூட்டம்தான் என்று கணவன் ட்ரெவரிடம் ஒப்புக்கொண்டாள். ட்ரெவர் சீஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன், நாளுக்கு இருபது வார்த்தைக்கு மேல் செலவழிக்காதவன். "ம்" என்றான்.

மூன்றாவது வாரம் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

பள்ளத்தாக்கில் போன் ஒழுங்காகக் கேட்கிற இடம் தேவாலயச் சுவரோரம் மட்டும்தான். பெவ் அங்கே வண்டியை நிறுத்திவிட்டுத் தாஹிராவைக் கூப்பிட்டாள். தாஹிராவின் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

"அவங்க இன்சூரன்ஸ் பதில் போட்டிருக்கு. நீங்கதான் அவரை வாங்கன்னு கூப்பிட்டீங்களாம். கூப்பிட்டதால வந்தாராம்."

"பொய்!"

"வீடியோ இருக்கு, மேடம். அவர் கார்ல கேமரா. இப்ப உங்களுக்கு அனுப்பியிருக்கேன். பாருங்க. நான் காத்திருக்கேன்."

பெவ் பார்த்தாள். ஆஷ்கோம்புடைய காரின் முன்கண்ணாடி வழியே ஈரச் சாலை, வலது பக்கமிருந்து தன் வெள்ளை வண்டி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தன் முகம். கோட்டுக்குப் பத்து கஜம் முன்னால் தன் வலது கையின் ஆட்காட்டி விரல், மற்ற விரல்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருக்க, அது மட்டும் தனியாக எழுந்து நின்றது. ஒரு நொடி நின்றது. பிறகு படுத்துக்கொண்டது. அதற்குள் ஆஷ்கோம்பின் கார் முன்னால் பாய்ந்துவிட்டது.

மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் விரல் எழுந்தது.

"அய்யய்யே, அதுவா?" என்றாள். "அது சைகை இல்ல, கண்ணு."

"பின்ன என்ன?"

"அது... விரல்."

"விரல்னு எனக்கும் தெரியுது. விரல் எதுக்கு மேல வந்துச்சு?"

பெவ்வுக்கு அதை இதுவரை யாருக்கும் சொல்லவேண்டி வந்ததே இல்லை. இந்தச் சாலையில் எதிரே வண்டி வந்தால் விரல் எழும். டிராக்டருக்கு எழும், பால் வண்டிக்கு எழும், பாதிரியாருக்கு எழும். கண் இமைக்கிறோமே, யாராவது எண்ணிக்கொண்டா இமைக்கிறோம்?

"வணக்கம் சொல்றது," என்றாள் கடைசியில். "வர்ற வண்டிக்கு."

"அவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதவருக்கு எதுக்கு வணக்கம்?"

"தெரிஞ்சவங்களுக்கு மட்டும் சொல்ல அது என்ன குடும்ப ரகசியமா?"

தாஹிரா மூச்சை இழுத்து விட்டது போனில் கேட்டது. "பெவ், கோவிச்சுக்காதீங்க. பிராட்ஃபோர்டுல ரோட்ல ஒருத்தர் இன்னொருத்தருக்கு ஒரு விரலைக் காட்டினா அதுக்கு அர்த்தமே வேற. அதை விடுங்க. சைகை காட்டியிருந்தாலும் பாத்து வரவேண்டியது அவர்தான். அந்தச் சண்டையை நான் கண்ணை மூடிக்கிட்டு ஜெயிப்பேன். ஆனா நீங்க எந்தச் சைகையும் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வீடியோல விரல் நிக்குது. இப்ப அவங்க பேசறது விபத்தைப் பத்தி இல்ல. நீங்க பொய் சொல்றவங்கன்னு பேசறாங்க."

பொய் சொல்கிறவள். கதவு நசுங்கினால் வேறு கதவு போடலாம். கை காட்டிக் கூப்பிட்டுத் தன்மேலேயே காரை ஏற்றிக்கொண்ட டிரைவிங் டீச்சர், அதையும் மறைத்துப் பொய் எழுதினவள் என்று ஊர் பேசினால், எந்தத் தாய் தன் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைப்பாள்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தாஹிரா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "எங்க மேனேஜர் ஒண்ணு கேக்கச் சொன்னார். விரல் மரத்துப்போயிருக்கலாம் இல்லையா? குளிர். நீட்டி மடக்கினேன்னு எழுதினா விஷயம் இன்னிக்கே முடியும்."

"என் விரலுக்கு ஒரு நோயும் இல்ல," என்றாள் பெவ். "வணக்கம் சொன்னேன். மறந்துபோய் இல்லன்னு எழுதிட்டேன். ரெண்டையும் எழுது. கீழ என் பேரைப் போடு."

"இன்னும் கஷ்டமாயிடும்."

"ஆகட்டும். முதல்ல எழுதினது தெரியாம எழுதின பொய். இது தெரிஞ்சே எழுதற பொய்யால்ல இருக்கும்?"

தாஹிரா, "சரி. அப்ப நானும் மேனேஜர்கிட்ட அதையே சொல்றேன்," என்றாள். குரலில் துள்ளல் பாதி திரும்பியிருந்தது. "ஆனா ஒரு கண்டிஷன். கேஸ் முடியற வரைக்கும் அந்த விரலைத் தூக்காதீங்க. எவருக்கும். இன்னொரு சர்ரேக்காரர் தப்பா எடுத்துக்கிட்டு வந்து விழுந்தா, ரெண்டாவது கேஸை என்னால தூக்க முடியாது."

"அவ்வளவுதானே? இது என்ன பெரிய விஷயம்," என்றாள் பெவ்.

பெரிய விஷயமாக இருந்தது. மறுநாள் காலையில் முதல் டிராக்டர் எதிரே வந்தபோது விரல் தானாகக் கிளம்பிவிட்டது. பெவ் கட்டைவிரலை அதன்மேல் போட்டு அமுக்கிப் பிடித்தாள். டிராக்டர்க்காரரின் விரல் மட்டும் எழுந்து, பதில் வராமல், அந்தரத்தில் நின்று இறங்கியது. அவர் திரும்பிப் பார்த்ததைப் பின்பார்வைக் கண்ணாடியில் பெவ் பார்த்தாள். அன்றைக்கு லேபர்ன் போய் வருவதற்குள் இருபத்தாறு பேருக்கு விரல் தூக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது கை முட்டிவரை வலித்தது. ஊர் மருத்துவருக்கும் தூக்கவில்லை, அவருடைய நாய்க்கும் தூக்கவில்லை.

இரண்டாவது வாரம் போனில் ஒரு செய்தி வந்தது. டக்கி ராவிடமிருந்து. டக்கி மேட்டுப் பண்ணைக்காரன், பெவ்வோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், அவனுடைய மூத்த மகன்கள் இருவரும் பெவ்விடம்தான் பாஸ் ஆனார்கள். கடைக்குட்டி மகள் மெரியலுக்கு அடுத்த மாதம் பதினேழு முடிகிறது. முதல் பாடத்துக்கு நாள்கூடக் குறித்தாயிற்று. செய்தி இரண்டே வரி: மெரியல் பாடம் இப்போதைக்கு வேண்டாம். பிறகு பார்க்கலாம்.

பெவ் காரணம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அதே வாரம், பிள்ளையைப் பாடத்துக்கு அனுப்பும் ஃபாசெட் வீட்டிலிருந்தும் அதே மாதிரி ஒன்று வந்தது. ஆடு மாடு ஏல மையத்துக் காப்பிக் கடையில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. பேக்கன் சான்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

"ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு, ட்ரெவர். நான் கூப்பிட்டு இடிக்க வச்சேன்னு."

ட்ரெவர் ஊர் வழக்கப்படி பழ கேக்மேல் சீஸ் துண்டை வைத்தான். "தொழிற்சாலையில வேற சொல்றாங்க."

"என்ன சொல்றாங்க?"

"நான் உன்னை விட்டுட்டுப் போயிட்டேனாம்."

"நீ இங்கதான உக்காந்து கேக் தின்னுக்கிட்டிருக்க?"

"சொன்னேன். நம்பல." அன்றைய வார்த்தைகள் அதோடு தீர்ந்துபோயின.

நவம்பர் கடைசியில் எதிர்த்தரப்பு ஒரு பேரம் அனுப்பியது. பாதிக்குப் பாதி. தாஹிரா தேவாலயச் சுவரோரம் நின்ற பெவ்விடம் அதை மெதுவாகத்தான் சொன்னாள். "நிறைய பேர் இதுல ஒத்துக்குவாங்க. சண்டை முடிஞ்சிடும்."

"என் பதிவுல என்ன எழுதுவாங்க?"

"பிழை உண்டுன்னு. பாதியா இருந்தாலும் அங்க பாதின்னு ஒரு கட்டம் கிடையாது."

"அப்ப வேணாம்."

"பெவ், நம்ம கையில என்ன இருக்கு? நீங்க சொல்றது மட்டும்தான் இருக்கு. நீங்க சொன்னதை ஏற்கெனவே ஒரு தடவை மாத்தியாச்சு. விரல் வணக்கம்னு சொல்றதுக்கு வேற ஒரு ஆள் வேணும். அதுவும் இந்தக் கேஸுக்காகப் பேச வந்த மாதிரி தெரியக்கூடாது."

அப்போதுதான் ஜன்னலில் யாரோ பட்டென்று தட்டினார்கள். எய்லீன் ஐவ்ஸன். இருபது வருடமாகப் பள்ளத்தாக்கின் தபால்காரி. சிவப்பு வேனைப் பெவ்வின் வண்டிக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள். பெவ் கண்ணாடியை இறக்கினாள்.

"நான் உனக்கு என்ன பண்ணேன்?" என்றாள் எய்லீன்.

"என்ன?"

"என்ன பண்ணேன்னு கேக்கறேன். ஒரு மாசமா பாக்கறேன். நான் விரல் தூக்கறேன், நீ கல்லு மாதிரி போற. திங்கட்கிழமை தூக்கினேன். செவ்வாய்க்கிழமை தூக்கினேன். நேத்து ரெண்டு தடவை தூக்கினேன், ரெண்டு தடவை! உன் பார்சலை மழையில வச்சிட்டுப் போனேனா? உன் அம்மா செத்தப்போ வரலையா? ஏதாவது இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லு. இப்படி நடுரோட்ல வச்சு அவமானப்படுத்தாத!"

எய்லீன் அழுதுகொண்டிருந்தாள். மழையா கண்ணீரா என்று பெவ்வுக்கு முதலில் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சியபோது தெரிந்தது.

"எய்லீன், அது... வக்கீல் விஷயம் மாதிரி. விரலைத் தூக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"எந்த மடையன் சொன்னான்?"

"நான்தான் அந்த மடச்சி," என்றது போன், ஸ்பீக்கரிலிருந்து. "வணக்கம் மேடம். தாஹிரா, கிளெய்ம் கம்பெனி. தயவுசெஞ்சு போயிடாதீங்க. இப்ப சொன்னதை இன்னொரு தடவை, மெதுவா, முதல்லருந்து சொல்றீங்களா? நான் எழுதிக்கறேன்."

எய்லீன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பின்னால் ஒரு ஆட்டு வண்டி ஹாரன் அடித்தது, "சுத்திப் போ!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு தாஹிரா கேட்கக் கேட்கச் சொன்னாள். யாருக்கெல்லாம் தூக்குவீர்கள்? எல்லாருக்கும். தெரியாதவர்களுக்கும்? தெரியாதவர்களுக்குத்தான் முதலில், இல்லாவிட்டால் நம்மைத் திமிர் பிடித்தவர்கள் என்று நினைப்பார்களே. ஒருதடவை சவ வண்டிக்குக்கூடத் தூக்கினாள். ஓட்டினவர் பதிலுக்குத் தூக்கினார். வழி விடுவதற்கு என்ன செய்வீர்கள்?

"வழி விடறதுன்னா வண்டியை நிறுத்துவோம், லைட்டைச் சிமிட்டுவோம். விரலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? விரல் தூக்கினா வரலாம்னு அர்த்தம்னா, இந்த ரோட்ல தினம் நாப்பது பேர் செத்திருப்பாங்க, பொண்ணே. தபால் கொடுக்க ஆளே மிஞ்சியிருக்காது."

"அருமை," என்றாள் தாஹிரா. தட்டச்சு தடதடவென்று ஓடியது. "மேடம், உங்களை மாதிரி பெவ் மேல கோவமா இருக்கறவங்க வேற யாராவது இருக்காங்களா?"

"யாரு இல்லன்னு கேளு," என்றாள் எய்லீன்.

அந்த வாரத்துக்குள் பதினோரு பேர் தாஹிராவிடம் பேசினார்கள். பால் டேங்கர் ஓட்டுகிறவர், கால்நடை மருத்துவர், பாதிரியார் உட்பட. ஒருவரும் பெவ்வுக்குச் சாதகமாகப் பேச வரவில்லை. எல்லாரும் அவள்மேல் புகார் சொல்லத்தான் வந்தார்கள்: இத்தனை வருடம் தூக்கினாளே, அக்டோபரிலிருந்து ஏன் தூக்குவதில்லை? பாதிரியார், தன் பிரசங்கம் ஏதாவது மனதைப் புண்படுத்திவிட்டதா என்று கேட்டாராம். இதைவிட நல்ல சாட்சி விலைக்கு வாங்கினாலும் கிடைக்காது என்று தாஹிரா குதித்தாள்.

ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. கழுகுக்குக் கண் கூர்மை. எதிர்த்தரப்பு அனுப்பிய வீடியோ வெறும் பதினைந்து நொடி. அதற்கு முந்தைய பத்து நிமிடத்தையும் தரவேண்டும் என்று கேட்டாள். அவர்கள் இழுத்தடித்தார்கள், இவள் விடவில்லை, கடிதத்துக்குமேல் கடிதம் போட்டாள். வந்தது. அதில் ஆஷ்கோம்ப் தன் வாடகைக் குடிசையிலிருந்து கில்பெக் முக்குக்கு வந்துகொண்டிருக்கிறார். எதிரே ஒரு லேண்ட் ரோவர், விரல் எழுகிறது. ஒரு டிராக்டர், விரல். எய்லீனின் சிவப்பு வேன், விரல். சைக்கிளில் ஒரு கிழவர், அவருக்கும் விரல் எழுகிறது. நான்கு பேர். நான்கு பேரையும் தாண்டி ஆஷ்கோம்ப் ஒழுங்காகத் தன் பக்கத்தில்தான் ஓட்டிப் போனார். ஐந்தாவது விரலுக்கு மட்டும் ஏன் போய் விழுந்தார்? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

டிசம்பர் இரண்டாம் வாரம், பாடம் முடிந்து பெவ் தேவாலயச் சுவரோரம் வந்தபோது போன் அடித்தது.

"பெவ், உக்காந்திருக்கீங்களா?"

"வண்டி ஓட்டறவ நின்னுக்கிட்டா இருப்பா? சொல்லு கண்ணு."

"முழுசா ஒத்துக்கிட்டாங்க. பாதி இல்ல, கால் இல்ல, முழுசா. கதவு, மாற்று வண்டி, எல்லாம் அவங்க பொறுப்பு. அந்தாளே தனியா ஒரு கடிதம் போட்டிருக்கார். முழு வீடியோவை உக்காந்து பாத்தாராம். வந்த மொத நாள்லருந்து எல்லாரும் தனக்கு வழி விடறதாகவே நினைச்சுக்கிட்டிருந்தாராம். இவ்வளவு நல்ல ஊரான்னு மனைவிகிட்ட சொல்லிச் சந்தோஷப்பட்டாராம். வெக்கமா இருக்குன்னு எழுதியிருக்கார்."

"பாவம் மனுஷன். பதிவுல என்ன இருக்கு?"

"பிழை இல்லை. படிச்சுட்டேன், ரெண்டு தடவை. 'அறிக்கையில் இருந்த தவறு நேர்மையானது, அவரே முன்வந்து திருத்தினார்'னு ஒரு வரியும் சேத்திருக்காங்க. அது நான் கேட்டு வாங்கினது."

பெவ் ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். வாய்விட்டு அழுதாள், முப்பத்தோரு வருடத்துக் கௌரவம் திரும்பி வந்தால் அழாமல் வேறென்ன செய்வது? தாஹிரா போனை வைக்காமல் காத்திருந்தாள்.

"இனி தூக்கலாமா?" என்று கேட்டாள் பெவ், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"கண்டவங்களுக்கெல்லாம் தூக்குங்க," என்றாள் தாஹிரா.

மேட்டுப் பண்ணைத் திருப்பத்தில் எதிரே வந்தது டக்கி ராவின் டிராக்டர். பெவ்வின் விரல் எழுந்தது, தானாக எழவில்லை, வேண்டுமென்றே எழுந்தது, விறைப்பாக நின்றது. டிராக்டர் அவளைத் தாண்டிப் போய், சடாரென்று நின்றது. டக்கி இறங்கி, மழையில் நனைந்த தொப்பியைக் கழற்றித் தட்டிக்கொண்டே நடந்து வந்தான். பெவ் கண்ணாடியை இறக்கினாள். அவனிடம் சொல்ல வேண்டியதை ஒரு மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

"டக்கி, கேஸ் முடிஞ்சது. பிழை இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. நான் அவனைக் கூப்பிடல. கடிதம் வந்ததும் கொண்டாந்து காட்டறேன்."

"என்ன கேஸு?"

"அந்த இடிச்ச கேஸுதான். கில்பெக் முக்குல."

"அதுவா. சர்ரேக்காரன் இடிச்சான். அன்னிக்கே தெரியும். அதுக்கு எதுக்குக் கடிதம்?"

பெவ் அவனைப் பார்த்தாள். "பின்ன மெரியலை ஏன் நிறுத்தின?"

டக்கி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் காதுகள் சிவந்துவிட்டன. அந்தக் காதுகள் பள்ளியிலும் அப்படித்தான் சிவக்கும்.

"நீ மூணு தடவை என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி போன, பெவ். ஃபாசெட்டுக்கும் அப்படித்தானாம். வண்டி ஓட்டறது எவன் வேணும்னாலும் சொல்லிக் கொடுப்பான். ரோட்ல மனுஷனைக் கண்டா மதிக்காத ஆளுகிட்ட என் பொண்ணை எப்படி அனுப்பறதுன்னு நினைச்சேன்."

ஒன்றரை மாதமாகத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அமுக்கிப் பிடித்த விரல்தான் தன் பெயராக இருந்தது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? பெவ் இருக்கைக்கு அடியிலிருந்து டைரியை எடுத்தாள். பேனாவைத் தேடி எடுத்து மெரியல் பெயரை எழுதினாள்.

"வியாழக்கிழமை நாலு மணி," என்றாள். "கண்ணாடி போடறவளா இருந்தா போட்டுக்கிட்டு வரச் சொல்லு."

"போடறதில்ல," என்றான் டக்கி.